மனிதர் உண்ணத் தக்கது

1

என் மைத்துனர் மன்னார்குடியிலிருந்து கடிதம் போட்டிருக்கிறார். மலாயாவில் சுகாதார இன்ஸ்பெக்டர் பரீட்சை தேறுவது வெகு சுலபமென்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். சாக்கடையை எட்டிப் பார்த்துவிட்டுப் பெயர் எழுதிக்கொண்டு வருகிற உத்தியோகந்தானே என்கிறார். மகன் சுந்தரத்தை அடுத்த கப்பலில் ஏற்றிவிடுகிறாராம். நான் அதில் சேர்த்துவிட வேண்டுமாம்.

பேசிக்கொள்கிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். கடல் தண்ணீரைக் கணுக்காலுக்கு மேல் பார்த்திராதவர்கள். அவர்களுக்கு மலாயா என்றால் மரத்தை உலுக்கினால் உத்தியோகம் உதிரும். இங்கே வந்து கொசுக்கடியில் படித்து, வெள்ளைக்காரன் முன்னால் நின்று நாக்கு உலர்ந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசலாம். கேட்க மாட்டார்கள். கேட்டால் பேச்சின் ருசி கெட்டுவிடும்.

மைத்துனருக்கு மட்டும் பதில் எழுதினால் அவர் படித்துவிட்டுப் பரண்மேல் போட்டுவிடுவார். நாலு பேருக்குத் தெரியட்டும் என்று பத்திரிகைக்கே எழுதுகிறேன்.

நான் இப்போது கிள்ளானில் இருக்கிறேன். விடிவதற்கு முன்னால் சைக்கிளில் ஏறி ஆடு மாடு அடிக்கிற கொட்டகைக்குப் போகிறேன். தோலுரித்துக் கொக்கியில் மாட்டியிருக்கும் உடல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து, ஈரலையும் நுரையீரலையும் கீறிப் பார்த்து, நல்லதென்றால் ஊதா மையில் முத்திரை குத்துகிறேன். மனிதர் உண்ணத் தக்கது என்பது அந்த முத்திரைக்கு அர்த்தம். அது இல்லாமல் ஒரு துண்டு இறைச்சி பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, போகாது. அதைக் குத்துகிற நான் பரம்பரைச் சைவன். எங்கள் வீட்டு வாசலில் முட்டை ஓடு கிடந்தால் அந்த இடத்தைச் சாணம் போட்டு மெழுகுவார்கள்.

இந்த முத்திரை என் கைக்கு வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். சுலபமா இல்லையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2

அப்போது கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் குடியிருந்தோம். எனக்குக் கொசு ஒழிப்பில் தற்காலிக வேலை. செந்தூலிலிருந்து செராஸ் வரை சாக்கடைகளில் எண்ணெய் தெளிக்கும் ஆட்களை மேய்த்துக்கொண்டு திரிவேன். பயிற்சி வகுப்பில் சேர்ந்த பிறகு ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். சர்ட்டிபிகேட் வாங்கினால் வேலையும் வீடும் நிரந்தரம். வாங்காவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பழையபடி எண்ணெய் டின்னோடு போக வேண்டியதுதான். என் மனைவி விசாலம் அப்போது இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தாள். மூத்தவள் கமலம் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

காற்றோட்டம், குடிநீர், தொத்துநோய், கட்டடச் சட்டம் எல்லாவற்றிலும் நான் முதல் வரிசை. பெருமைக்குச் சொல்லவில்லை, எல்லாம் நெட்டுருப் போடுகிற விஷயம், அது நம் ரத்தத்தில் ஊறியது. கடைசியாக ஒரு பாடம் வைத்திருந்தார்கள். இறைச்சிப் பரிசோதனை. எழுத்துப் பரீட்சை இல்லை, மேஜைமேல் வைத்துக் காட்டுவார்கள், சொல்ல வேண்டும். கட்டாயப் பாடம். அதில் தேறாதவன் மற்ற எதில் தேறியும் பிரயோசனமில்லை. மூன்று தடவை உட்காரலாம். அதற்குமேல் கிடையாது.

பாடம் நடத்தியவர் கால்நடை வைத்தியத் துரை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ரத்தத் தண்ணீரில் கடற்கரையில் உலாத்துவதுபோல உலாத்துவார். எனக்கு அவரைப் பார்த்த நாளே பிடிக்கவில்லை. முதல் வகுப்பிலேயே சொன்னார், "உங்கள் முதல் கருவி மூக்கு. கத்தி அதற்கு அப்புறந்தான்." நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை எழுதிக்கொண்டேன்.

வீட்டில் புத்தகத்தை வாய்ப்பாடு மாதிரி உரக்கப் படிப்பேன். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த கமலம் அதில் சிறுநீரகப் பாடத்தை ராகம் போட்டுப் பிடித்துக்கொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண்டுகள் மஞ்சள் குங்குமத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும்போது, "மாட்டுக் குண்டிக்காய் கொத்துக் கொத்து, ஆட்டுக் குண்டிக்காய் அவரைக்கொட்டை" என்று பாடிக்கொண்டே கூடத்தில் நொண்டியடித்தாள்.

விசாலம் அவள் காதைத் திருகினாள். வந்தவர்கள் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"வெளக்கேத்துற நேரத்துல பாடற பாட்டாங்க இது? உங்க படிப்பை வாசலோட வச்சுக்கக் கூடாதா?"

"நான் என்ன ஆசைப்பட்டா படிக்கிறேன்?"

"ஆசைப்பட்டுத்தானே கப்பல் ஏறினீங்க" என்றாள். எனக்குக் கோபந்தான் வந்தது.

3

எங்கள் வகுப்பில் யூசோப் என்ற மலாய்க்காரர் இருந்தார். பன்றிப் பக்கம் தன்னால் வர முடியாதென்று ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். சிக்கலில்லாமல் அனுமதி வந்தது. நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு ஒரு வழி உண்டென்றால் நமக்கும் இருக்குமென்று நானும் விண்ணப்பம் எழுதினேன். நான் சைவன், மாட்டை வணங்குகிறவன், எனக்கு விலக்கு வேண்டும் என்று.

ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா நம்மவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த எறைச்சியும் வேணாம்னா, எறைச்சிப் பரீட்சையில என்னத்தைப் பாப்பீங்க? கத்திரிக்காயா?"

"யூசோப்புக்குக் குடுத்தீங்களே அண்ணே?"

"அவருக்கு ஒண்ணு. நீங்க மொத்தத்தையும்லா கேக்குறீங்க. சரி, உங்க சைவ சபைத் தலைவர்கிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க. சைவங்க இதைத் தொடக் கூடாதுன்னு கையெழுத்துப் போடட்டும். மேலே அனுப்பிப் பாக்கறேன்."

எங்கள் சபைத் தலைவர் வாரந்தோறும் புலால் மறுத்தலைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர். அவர் பேசினால் கேட்கிறவன் வெங்காயத்தைக்கூட விட்டுவிடுவான். காகிதத்தை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தம்பி, இதுல நான் கையெழுத்துப் போட்டா என்ன ஆவும் தெரியுமா? சைவன்னா இந்த வேலைக்கு லாயக்கில்லேன்னு வெள்ளக்காரன் முடிவு கட்டிடுவான். அப்புறம் நம்ம பசங்க ஒருத்தன்கூட உள்ளே போவ முடியாது. சமூகத்தை நெனச்சுப் பாருங்க."

"அப்ப நான் மாட்டைத் தொடலாங்கறீங்களா ஐயா?"

"தொடுங்க. ஆனா ஒட்டாமத் தொடுங்க. தாமரை எலைத் தண்ணி மாதிரி."

தாமரை இலையிடம் யாரும் மாட்டு ஈரலைக் கொடுத்து உள்ளே புழு இருக்கிறதா என்று கேட்டதில்லை. எழுந்து வந்துவிட்டேன். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் சடக்கில், அதாவது ரோட்டில், நடந்து வரும்போது யோசித்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்றுவரை அவரைப் பிடிக்கவில்லை.

4

விலக்குக் கிடைக்காது என்று ஆனதும் விசாலம் ஒரு யோசனை சொன்னாள். நாற்றந்தானே தாங்க முடியவில்லை, கைக்குட்டையில் கற்பூரத்தைப் பொடித்து முடிந்து தருகிறேன், மூக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். பிரமாதமாக வேலை செய்தது. கொட்டகையில் நின்றால் கோயில் கர்ப்பக்கிருகத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். வகுப்பு முழுவதையும் அப்படியே ஓட்டினேன். துரை கேட்டதற்கு ஜலதோஷம் என்றேன்.

முதல் பரீட்சை வந்தது. உறுப்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். எது எந்த மிருகத்தினுடையது, எங்கே கீறிப் பார்க்க வேண்டும், என்ன வியாதி வரும், எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தேன். கடைசியில் ஒரு மாட்டிறைச்சித் துண்டு. நிறம் மோசமில்லை. குனிந்து, கைக்குட்டையை மூக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, நிமிர்ந்து சொன்னேன். "உண்ணத் தக்கது."

அப்போதுதான் கவனித்தேன். கதவோரம் முறைக்குக் காத்திருந்தவர்களெல்லாம் வராந்தாவுக்குப் போயிருந்தார்கள். லிம் என்ற சீன நண்பன் சட்டைக் காலரை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். அந்தத் துண்டு அழுகி நாள்பட்டது. இதற்கென்றே வைத்திருந்து கொண்டுவந்திருக்கிறார்கள்.

துரை என் கையிலிருந்து கைக்குட்டையை வாங்கி முகர்ந்தார்.

"நீ இறைச்சியைச் சோதிக்க வந்தாயா, கோயிலைச் சோதிக்க வந்தாயா?"

தோல்வி என்று எழுதினார். கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்த விதத்தை நான் மறக்கவில்லை. இரண்டு விரலால் நுனியைப் பிடித்துக் கொடுத்தார்.

5

நடுவில் இன்றைய சமாசாரம் ஒன்று. கமலம் இப்போது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும், அதட்டினால் மலாயில் வரும். போன மாதம் தோழி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

"என்னம்மா சாப்ட்டே?"

"நாசி."

"நாசிக்கு என்ன?"

"லாவுக்."

சோற்றுக்கு நாசி, தொட்டுக்கொள்வதற்கு லாவுக். மலாயில் சொல்லிவிட்டால் அதில் என்ன கிடந்தது என்று அப்பா மேற்கொண்டு கேட்க மாட்டார் என்பது அவள் கணக்கு. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தில் வந்து பேசியபோதே தெரிந்துவிட்டது. நெத்திலிக் கருவாடு. எண்ணெயில் பொரித்தது, நல்ல சரக்கு. முகர்ந்து பார்க்கத்தானே எனக்குச் சம்பளம். விசாலத்திடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

6

இரண்டாவது பரீட்சைக்குக் கற்பூரம் இல்லாமல் போனேன். காலையில் பட்டினி, நெற்றி நிறையத் திருநீறு. இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்ற ஒரே வைராக்கியம். கெட்டதைத் தவறவிட்டுத்தானே தோற்றோம்?

ஆட்டு ஈரல் ஒன்றைக் காட்டினார் துரை. ஓரத்தில் நிறம் வெளுத்திருப்பதாகப் பட்டது. "உண்ணத் தகாதது" என்றேன். மாட்டு விலாவில் கொழுப்பு மஞ்சளடித்திருப்பதாகப் பட்டது. "தகாதது." பன்றித் தொடை. ஈரப்பசை அதிகம் என்று ஒரு காரணம் சொல்லித் தகாதது என்றேன். ஒவ்வொன்றுக்கும் புத்தகத்திலிருந்து காரணம் சொன்னேன், பக்கம் மாறாமல்.

கடைசியில் ஒரு தட்டில் வெள்ளைத் துணி மூடி ஒரு துண்டு ஆட்டிறைச்சி இருந்தது. அதையும் தள்ளினேன்.

"அது என் மத்தியானச் சாப்பாட்டுக்கு வாங்கி வைத்தது" என்றார் துரை.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. பூட்ஸ் சத்தத்தோடு கிட்ட வந்தார்.

"உன்னை ஒன்று கேட்கிறேன். உலகத்தில் மனிதன் தின்னத் தகுந்த இறைச்சி என்று ஏதாவது உண்டா, உன் அபிப்பிராயத்தில்?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இல்லை ஐயா" என்றேன்.

"அப்படியானால் நீ இன்ஸ்பெக்டராக முடியாது. சாமியாராகப் போ."

இரண்டாவது தோல்வி. அந்த வாரமே ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது, அடுத்த முறையும் தவறினால் மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டுமென்று. விசாலத்துக்கு அப்போது நடக்கவே மூச்சு வாங்கியது. காகிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் தகரப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வைத்துத் தூசி தட்டினாள்.

அந்தத் துரையை அன்று நான் சபித்த சாபம் பலித்திருந்தால் அவர் இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்க மாட்டார்.

7

லிம்முக்கு ஈரல் அத்துப்படி, ஆனால் சாக்கடைச் சரிவுக் கணக்கு ஏறவே ஏறாது. நான் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். பதிலுக்கு அவன் என்னைப் பாசாருக்கு இழுத்துக்கொண்டு போனான். எங்களுக்குள் பாசார் மலாயும் உடைந்த இங்கிலீஷுமாகத்தான் பேச்சு.

பன்றிக்கடை முன்னால் நின்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன்னை யாரு திங்கச் சொன்னா? நீ திங்க வேணாம்லா. அங்க பாரு, கூடை வச்சுக்கிட்டு நிக்கிறாங்களே, அது எங்கம்மா. தினம் இதைத்தான் வாங்கறாங்க. பூச்சி வச்ச எறைச்சியைத் தின்னுட்டு என் தம்பி செத்துப் போனான், தெரியுமா? நீ எல்லாம் கெட்டதுன்னு சொன்னா அவுங்களுக்கு என்ன பிரயோசனம்? கெட்டது எதுன்னு சொல்லு. நல்லது எதுன்னும் சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. நான் படித்த புத்தகத்தில் இறைச்சி இருந்தது, நோய் இருந்தது, சட்டம் இருந்தது. அதைத் தின்கிறவன் எங்குமே கண்ணில் பட்டதில்லை. என் கண்ணில் நான் மட்டுந்தான் இருந்திருக்கிறேன். அதற்காக லிம்மைக் கட்டித் தழுவினேன் என்று நினைக்காதீர்கள். என் தகப்பனார் சொல்லியிருக்க வேண்டியதை பன்றிக் கறி தின்கிற ஒருவன் சொல்கிறானே என்று எரிச்சல்தான் வந்தது.

ஆனாலும் மறுநாளிலிருந்து மூக்கைத் திறந்துகொண்டு கொட்டகைக்குப் போனேன். முதலில் வாந்தி எடுத்தேன். பிறகு தலைவலியோடு நின்றது. பிறகு அதுவும் போயிற்று. நல்ல இறைச்சிக்கு ஒரு மணம் உண்டு, கெட ஆரம்பித்ததற்கு வேறொன்று, மருந்து போட்டு மறைத்ததற்கு வேறொன்று. இது எனக்குத் தெரியவேண்டும் என்று நான் எந்தத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டதில்லை.

8

மூன்றாவது பரீட்சை அன்று துரை மேஜைக்குப் போகவில்லை. நேராகக் கொக்கிக்கு அழைத்துப் போனார். முழு மாடு ஒன்று தொங்கியது. தலையையும் குளம்புகளையும் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். எந்த உடலுக்கு எது என்று தெரிய வேண்டும் என்பது விதி.

"இது என்ன?"

"வண்டி மாடு ஐயா. காயடித்தது. வயதானது. எங்கள் பக்கத்து இனம், கப்பலில் வந்திருக்கும்."

"எப்படித் தெரியும்?"

காட்டினேன். மூக்கில் கயிறு கோத்த துளை. குளம்பில் லாடம் அடித்த ஆணியின் ஓட்டைகள். கொம்பின் வளைவு. கழுத்துக்கு மேலே நுகத்தடி உட்கார்ந்து உட்கார்ந்து உள்ளங்கை அகலத்துக்குக் காய்த்துப்போன இடம். தோலை உரித்த பிறகும் சதை அங்கே தடித்து, வெளுத்து, கட்டையாக இருந்தது. இந்த ஊரில் சடக்கு போடுவதற்கு எத்தனை காலம் கல் இழுத்ததோ.

துரை தலையாட்டினார். "சோதித்துக்கொள்."

சோதித்தேன். அன்று நான் தேடியதுபோல எந்த இன்ஸ்பெக்டரும் தேடியிருக்க மாட்டான். ஈரலைக் கீறினேன், புழு இல்லை. நுரையீரலைக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், கட்டி இல்லை. நிணநீர்ச் சுரப்பிகளை வெட்டினேன், சுத்தம். ஒரே ஒரு கட்டி, ஒரே ஒரு புழு கிடைக்காதா என்று உள்ளே ஒருவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். கிடைத்திருந்தால் மனசாரத் தள்ளியிருப்பேன், பாஸும் ஆகியிருப்பேன். கடைசியாக மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தேன்.

"கழுத்தில் அந்தத் தடிப்பை என்ன செய்வாய்?"

"வெட்டி எறிய வேண்டும்."

"மீதி?"

அவர் கடியாரத்தைப் பார்த்தார். யூசோப் தன் முறைக்குக் கதவருகில் நின்றுகொண்டிருந்தார்.

"மனிதர் உண்ணத் தக்கது."

"சத்தமாகச் சொல்."

மறுபடியும் சொன்னேன். முத்திரையை என் கையில் கொடுத்தார். தொடையில் ஒன்று, தோளில் ஒன்று, விலாவில் ஒன்று குத்தினேன். கோணாமல் விழுந்தது. "நல்ல வேலை" என்று துரை என் முதுகில் தட்டினார். அந்தக் கையை அப்படியே பிடித்து முறுக்கியிருக்கலாம்போல எனக்கு ஆத்திரம் வந்தது. தேறிவிட்டேன் என்பது அதற்கப்புறந்தான் மண்டையில் ஏறியது.

வீட்டுக்கு வந்தபோது விசாலம் வாசற்படியில் நின்றாள்.

"என்ன ஆச்சுங்க?"

"பாஸ்."

பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்ன வச்சிருந்தான்?"

"மாடு. நம்மூரு வண்டி மாடு."

"என்ன சொன்னீங்க?"

"திங்கலாம்னு சொன்னேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு தானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"வயித்துப் பொழப்புக்காக ஒரு பொய் சொன்னீங்க. அவ்வளவுதானே? பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் ஒடச்சிட்டா சரியாப் போவுது. வாங்க, இப்பவே போவலாம்."

செருப்பைக்கூட மாட்டிக்கொண்டுவிட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பொய் இல்லே விசாலம்" என்றேன். "அது நல்ல மாடு."